வேப்பமரத்துக் குடித்தனம்

“இந்தத் திருச்சியில நான் காலி பண்ண வைக்க முடியாத குடித்தனம்னு ஒண்ணு கிடையாது. காவேரிக்கு யாராவது வாடகைச் சீட்டு எடுத்துக் குடுங்க, அதையும் ஒரே மாசத்துல காலி பண்ண வெச்சிர்றேன்.”

பாலக்கரை டீக்கடை ஒன்றில், நிறைந்த சபையில், வீட்டு புரோக்கர் ஜெகபர் சாதிக் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். சபை என்றால் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர், பழைய பேப்பர் வாங்குகிறவர் ஒருவர், பஸ்ஸைத் தவறவிட்டவர் ஒருவர். ஆனாலும் அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாசகம் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கோடையில் காவிரி, யாரும் நோட்டீஸ் கொடுக்காமலே, மணலை மட்டும் போட்டுவிட்டுக் காலி செய்துகொண்டு போயிற்று. “சாதிக் பாய் பேசியிருப்பாரு” என்றது ஊர். அவர் மறுக்கவில்லை.

குடியிருப்பவரைக் கிளப்புவதற்கு மற்றவர்கள் கைக்கொள்ளும் வழிகள் உலகம் அறிந்தவை. வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள், மோட்டாரைக் கழற்றுவார்கள், மாடியில் அம்மி உருட்டுவார்கள். சாதிக் பாய் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டையோடு மொபெட்டில் வந்து இறங்குவார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். சுற்றிலும் பார்ப்பார்.

“இவ்வளவு நல்ல பீரோவை இந்த இருட்டு ரூம்ல வெச்சிருக்கீங்களே” என்று வருத்தப்படுவார். வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த தடவை வரும்போது, “அந்த வீட்டுல பீரோவைக் கிழக்குச் சுவத்துல வெப்பீங்களா, வடக்குச் சுவத்துலயா?” என்பார்.

“எந்த வீட்டுல பாய்?”

“அட, நான் சொல்லலையா?”

அதோடு முடிந்தது. மூன்றாவது தடவை அவர் வரும்போது, இன்னும் கண்ணாலேயே பார்க்காத ஒரு வீட்டில் பீரோவை எங்கே வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பீரோ மனசளவில் கிளம்பிவிட்டது. ஆட்கள் பின்னாலேயே போக வேண்டியதுதான் பாக்கி.

அவருக்கென்று சட்டதிட்டங்களும் இருந்தன. ஆடியில் யாரையும் அசைக்க மாட்டார். மார்கழியில் பேச்செடுக்க மாட்டார். முஸ்லிம் வீடென்றால் ஸஃபர் மாசம் கழியட்டும் என்பார். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் படிக்கிற வீட்டுப் படி ஏற மாட்டார். இதையெல்லாம் கழித்தது போக மிஞ்சிய சொற்ப நாட்களில்தான் திருச்சியில் பாதி ஜனம் இடம் மாறியது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு: மாத்து வீடு காட்டாமல் ஒருத்தரையும் தெருவில் விடக்கூடாது. அவர் கௌரவம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் குடியிருந்தது.

அவர் தொழில் வாழ்க்கையின் சிகரம், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற வழியிலிருந்த ஒரு ஸ்டோர். வெளியூர்க்காரர்கள் ஸ்டோர் என்றதும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. ஒரே காம்பவுண்டுக்குள் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி வரிசையாக எட்டு வீடுகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு குழாய், நடுவில் ஒரு பெரிய இலுப்பை மரம். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். ஒரு வீட்டில் டெண்டுல்கர் அவுட் ஆனால் எட்டு வீட்டிலும் சோறு இறங்காது. முதல் வீட்டுக் குழந்தையைக் கடைசி வீட்டில் தேடிப் பிடித்துக் குளிப்பாட்டி, நடு வீட்டில் தூங்கவைப்பார்கள். யாருடைய குழந்தை என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

ஸ்டோரின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். அவர் பிள்ளைகள் அந்த இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்பதென்று முடிவு செய்ததும், காலி செய்துகொடுக்கிற பொறுப்பு சாதிக் பாயிடம் வந்தது. ஒரு ஆனி மாசத்துக்குள் எட்டுக் குடித்தனத்தையும் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் அவர் கிளப்பினார். கடைசியாகக் கிளம்பியவள் கனகவல்லி மாமி. பாய் வந்தால் காபி கொடுப்பதற்கென்று மாமி தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தாள். அதை மரியாதை என்று சாதிக் பாயும், ஆசாரம் என்று மாமியின் மாமியாரும், வசதி என்று மாமியும் எடுத்துக்கொண்டார்கள். இப்படியாக மூன்று பேர் மனமும் நோகாமல் அந்த டம்ளர் பல வருஷம் ஓடியது.

சாமான் ஏற்றிய அன்று மாமி அந்த டம்ளரில் கடைசிக் காபியைக் கொடுத்துவிட்டு, மரத்தைக் காட்டினாள்.

“எட்டுக் குடித்தனமும் காலின்னு சொல்லிடாதேங்கோ பாய். மேலே ஒரு குடித்தனம் இருக்கே, அவாளைக் கேட்டேளோ?”

இலுப்பையின் பொந்தில் இரண்டு குட்டை ஆந்தைகள், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்து, பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

“எங்காத்து மாப்பிள்ளை மாதிரிதான். பகலெல்லாம் தூக்கம், சாயங்காலமானா வெளியிலே. வாடகை கேட்டா முறைக்கும்.”

“அவங்க ஓனரோட சொந்தக்காரங்க மாமி, நான் தலையிட முடியாது” என்று சாதிக் பாய் சிரித்தார்.

சாவி கொடுக்கப் போன நாளன்று மரம் தரையில் கிடந்தது. அறுத்த துண்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிளிகள் ஒரு கூட்டமாக, மரம் இருந்த இடத்தின் வெறும் ஆகாயத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அந்த இரண்டு ஆந்தைகளும் பட்டப்பகலில், கொளுத்துகிற வெயிலில், கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்தன. காக்கைகள் வந்து வந்து தலையில் தட்டின. ஆந்தைகள் அவற்றைப் பொருட்படுத்தாமல் சாதிக் பாயையே பார்த்தன. பார்த்தது மட்டுமல்ல, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி, ‘சரி, அப்புறம்? சொல்லுங்க’ என்கிற மாதிரி கேட்டன.

அடுக்குமாடிக்காரர்களிடம் அவர் சாவியைக் கொடுத்தார். வழக்கமாகக் கேட்கிற தண்ணீரைக்கூடக் கேட்காமல் மொபெட்டைக் கிளப்பினார்.

வீட்டில் மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரைப் பார்த்து அவர் மனைவி சுராயா கேட்டாள்: “என்னங்க, பார்ட்டி வேற புரோக்கர்கிட்டப் போயிருச்சா?”

“அதெல்லாம் இல்ல. ரெண்டு பேர் மாத்து வீடு இல்லாம ரோட்டுல நிக்கிறாங்க.”

“யா அல்லாஹ். யாரு?”

“ஆந்தை.”

சுராயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

மாத்து வீடு காட்டாமல் விட்ட முதல் குடித்தனம். வேறு யாராவது என்றால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். சாதிக் பாய்க்கு அது தொழில் களங்கம். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் லின்சி டீச்சரைத் தேடிப் புத்தூருக்குப் போனார். அங்கே டீச்சருக்கு வீடு பிடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

“பெரிய மரம் போனா பொந்தும் போயிடும் பாய்” என்றாள் லின்சி. “பொந்து விழறதுக்கு மரம் வயசாகணும். நம்ம இப்ப நட்டா நம்ம காலத்துல ஆகாது. அதுவரைக்கும் மரப்பெட்டி கட்டித் தொங்க விடலாம். ஆந்தை, கிளி, மைனா, அணில் எல்லாம் வந்து தங்கும். அளவு போட்டு உங்க வாட்ஸப்புக்கு அனுப்பறேன்.”

வந்த படத்தைப் பார்த்ததும் சாதிக் பாயின் முகம் சுருங்கியது. ஜன்னல் இல்லை. பால்கனி இல்லை. பெயின்ட் அடிக்கக் கூடாது. உள்ளே இழைக்காத சொரசொரப்புப் பலகை, இருட்டு, ஒரே ஒரு ஓட்டை. இப்படி ஒரு வீட்டை அவர் தன் தொழிலில் எதிரிக்குக்கூடக் காட்டியதில்லை. டீச்சர் படித்தவள்தான், ஆனால் வாடகைக்கு வருகிறவர்களின் மனசு அவளுக்கு எப்படித் தெரியும்? வரகனேரியில் மரப்பட்டறை வைத்திருந்த அடைக்கலத்திடம் போய், படத்தைத் தன் அனுபவத்தைக் கொண்டு திருத்திக்கொடுத்தார். எதிரும் புதிருமாகக் காற்றோட்டத்துக்கு இரண்டு ஜன்னல், வாசலுக்கு மேலே சன்ஷேடு, கீழே காலாற உட்கார ஒரு குச்சி வைத்த பால்கனி. உள்ளே வழவழவென்று மைக்கா. வெளியே ரோஸ் கலர்.

அடைக்கலம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முழுசையும் கேட்டார்.

“பாத்ரூம் அட்டாச்டா, காமனா பாய்?”

“நக்கலா?”

“இல்ல பாய், பைப் லைனுக்கு ஓட்டை போடணும்ல, அதுக்குக் கேட்டேன்.”

பெட்டிகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏணியோடு, தனக்குத் தெரிந்த காம்பவுண்டெல்லாம் போனார். அவருக்குத் தெரியாத காம்பவுண்டும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு தென்னந்தோப்பு, திருவானைக்கோவிலில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வீட்டு மாமரம், இப்படிப் பல இடங்களில் கட்டினார். எந்தப் பெட்டியானாலும் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். கிழக்கு வாசல் என்று ஒரு வார்த்தை சொன்னால் திருச்சியில் வீடு மறுநாளே முடிந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. ஆந்தைக்கு மட்டும் வாஸ்து வேண்டாமா என்ன?

ஐப்பசி வந்தது. ஈசானிய மூலையில் கருத்த மழை, ஐசுவரியம் நுழைகிற மாதிரி கிழக்கு வாசல் வழியாக நேரே உள்ளே நுழைந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னக் குளம். மைக்கா வேறு போட்டிருந்ததால் ஒரு சொட்டும் வீணாகவில்லை. திருவானைக்கோவில் பெட்டியின் பால்கனியில் ஒரு காக்கை தினமும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டது. உள்ளே போகவே இல்லை. தென்னந்தோப்பில் ஒரு அணில், அட்வான்ஸ் போடுகிற மாதிரி கொஞ்சம் நாரைக் கொண்டுவந்து திணித்துவிட்டுப் போனது, திரும்பி வரவில்லை. சாதிக் பாய் விடாமல் தினமும் ஒரு சுற்றுப் போய், ஏணி போட்டு, மூடியைத் திறந்து, யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார். டீக்கடையில் சிரித்தார்கள்.

“பாய், ரோஸ் கலரு ஆந்தைக்கு ஆகாதாம். எங்க வீட்டுக்காரி சொன்னா.”

“ஒரு டூ லெட் போர்டு மாட்டுங்க பாய். ‘ஜோடிகளுக்கு மட்டும்’னு போடுங்க.”

லின்சி டீச்சர் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, அது ஒரு ஆறுதல். நனைந்த மைக்காவை விரலால் தடவினாள்.

“இதுல குஞ்சு எப்படி ஏறி வெளிய வரும் பாய்? வழுக்கி வழுக்கி உள்ளயே கெடக்கும். குச்சி வெச்சா காக்கா வந்து உக்காந்துக்கும். சரி, அதை விடுங்க. ஒண்ணு கேக்கறேன். தெனம் ஏணி போட்டு உள்ள எட்டிப் பாக்கற ஓனர் வீட்டுக்கு நீங்க ஒரு பார்ட்டியைக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?”

சாதிக் பாய் ஏணியைப் பார்த்தார். அப்படிப்பட்ட ஓனர்கள் வீட்டை அவர் முப்பது வருஷமாகத் தவிர்த்துக்கொண்டு வந்தவர்.

“மாட்டேன்” என்றார்.

அடுத்த தடவை டீச்சர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சொரசொரப்பு, இருட்டு, ஒரே ஓட்டை, அடியில் அடைக்கலத்தின் பட்டறை இழைப்புச் சுருள். வாசல் மழைக்கு முதுகைக் காட்டியது. அதிலும் ஒரு பெட்டி மிஞ்சிப்போய், பாலக்கரையில் தன் வீட்டுக் கொல்லை வேப்பமரத்தில் சும்மா மாட்டிவைத்தார். எட்டிப் பார்ப்பதில்லை என்று சுராயா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சுராயா தலையை நகர்த்திக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்துப் பெட்டியில் மைனா வந்தது. ரயில்வேக்காரரின் மாமரத்தில் கிளி வந்தது. அவர் அதைத் தன் பென்ஷன் உயர்ந்த மாதிரி தினமும் ஒரு தடவை எல்லாரிடமும் சொன்னார். வேப்பமரத்தை யாரும் நினைக்கவில்லை. தை மாசத்தில் ஒருநாள் சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு வந்த சாதிக் பாய், கொல்லைத் துணிக்கொடியில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இன்னொன்று பெட்டி வாசலில் பாதி உடம்பை வெளியே விட்டிருந்தது. இரண்டும் தலையை ஆட்டி ஆட்டி அவரைப் பார்த்துவிட்டு, திடீரென்று ஒரே நேரத்தில் கரகரவென்று ஒரு சண்டையை ஆரம்பித்தன. புதுசாகக் குடிவந்த ஜோடிகள் சாமானை எங்கே வைப்பது என்று போடுகிற அதே சண்டை.

“சுராயா,” என்று ரகசியமாகக் கூப்பிட்டார். “அவங்க வந்துட்டாங்க.”

“எவங்க?”

“ஸ்ரீரங்கத்து ஆளுங்க.”

அதே ஜோடி காவிரியைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்க வாய்ப்பில்லை என்று லின்சி டீச்சர் பொறுமையாக விளக்கினாள். சாதிக் பாய் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தன்னுடைய பார்ட்டியைத் தனக்குத் தெரியாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு சாயங்காலமானால் கொல்லையில் ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். அப்போதெல்லாம் தொழிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஜனங்கள் போனிலேயே வீடு பார்த்து, போனிலேயே பேசி, போனிலேயே குடிபோனார்கள். பீரோக்கள்கூடச் சுவரோடு சேர்த்துச் செய்யப்பட்டுவிட்டதால் அவற்றை எடுத்துக்காட்டி வருத்தப்பட வழியில்லை. அவர் குடிவைத்த வீட்டுக்கே போனாலும் வாசலில் செக்யூரிட்டி நிறுத்தி, “யாரைப் பாக்கணும்? போன் நம்பர் எழுதுங்க” என்றான். வேப்பமரத்தடியில்தான் யாரும் நம்பர் கேட்கவில்லை. ஆந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று வந்து கூச்சல் போடும்போது அவருக்கு அந்த ஸ்டோர் திரும்பி வரும். குழாயடிச் சண்டை, எட்டுக் குக்கரும் மாறி மாறி விசில் அடிக்கிற காலை, “பாய் வந்திருக்கார், காபி போடு” என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற குரல். அந்த எட்டுக் குடித்தனமும் இப்போது எட்டு அடுக்குமாடிகளில், எட்டுக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தன. அவ்வளவு பேருக்கும் நல்ல வீடுதான் காட்டினார். அதில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

இப்படி இருக்கையில் சுராயாவின் முழங்கால் பேச ஆரம்பித்தது.

அவர்கள் வீடு சாதிக் பாயின் அத்தா கட்டியது. படுக்கை மாடியில், சமையல் கீழே, நடுவில் ஏணிக்கு உறவுக்காரன் மாதிரி செங்குத்தாக ஒரு படிக்கட்டு. இனி படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷார்ஜாவிலிருந்து மகள் அஃப்ஷீன் தினமும் வீடியோவில் வந்தாள். “ஊருக்கெல்லாம் வீடு பாத்துக் குடுத்தீங்க, அம்மாவுக்கு ஒரு லிஃப்ட் வெச்ச வீடு பாக்க மாட்டீங்களா அத்தா?” புத்தூரில் லிஃப்டோடு ஒரு ஃபிளாட் அமைந்தது. பங்குனிக்குள் வாங்கிக்கொள்ளாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். பழைய வீடு கைமாறினால்தான் அந்த ஃபிளாட் கைக்கு வரும். வாழ்க்கையில் முதல் தடவையாக சாதிக் பாய் தன் வீட்டுக்கே புரோக்கராக இருக்க வேண்டி வந்தது.

ஆள் வந்தார். மணப்பாறை முறுக்கு வியாபாரி நவநீதன். திருச்சியில் ஒரு குடோன் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். இடம் பிடித்துவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, மரத்தையும் எடுத்துவிட்டு, சித்திரையில் பூமி பூஜை என்று நாள் குறித்தார். எல்லாம் கூடி வந்த நேரத்தில், சாயங்காலம் கொல்லையைப் பார்க்க வந்தவர் தலைக்கு மேல் கரகரவென்று சத்தம் கேட்டு நின்றார்.

“என்ன பாய் அது, ஆந்தையா?”

“ஆமா தம்பி. நல்ல ஆளுங்க.”

“எங்கம்மா ஒத்துக்காதே. ஆந்தை இருக்கற எடம்னா வேண்டவே வேண்டாம்னுரும்.”

“எங்க மார்க்கத்துல சகுனம் பாக்கறதில்ல தம்பி.”

“எங்க மார்க்கெட்டுல பாப்போம் பாய்.”

சாதிக் பாய் தன் தொழில் திறமை முழுவதையும் எடுத்தார். “நீங்க முறுக்குக்காரர். உங்க குடோனுக்கு முதல் எதிரி யாரு? எலி. இவங்க இருக்கற எடத்துல எலி இருக்குமா? ராத்திரி வாட்ச்மேன். சம்பளம் கிடையாது, தூங்கவும் மாட்டாங்க. இப்படி ஒரு வசதியோட எடம் இந்த வட்டாரத்துலயே கிடையாது.”

நவநீதன் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். ஒரு நொடி மசிந்துவிட்டார் என்றுகூடத் தோன்றியது.

“நல்லாத்தான் பேசறீங்க பாய். ஆனா எங்கம்மாகிட்ட நீங்க வந்து பேச முடியாதுல்ல. வர்ற ஞாயித்துக்கெழம மரம் வெட்ட ஆள் அனுப்பறேன். அதுக்குள்ள இதுங்களைக் கெளப்பி விட்டுருங்க, திங்கக்கெழம பத்திரம் போட்டுருவோம். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?”

சாதிக் பாய் லின்சி டீச்சருக்குப் போன் போட்டார். பெட்டியை அப்படியே கழற்றி வேறு மரத்தில் மாட்டினால் என்ன?

“குஞ்சு பொரிச்சிருக்கா?”

“பாக்கறதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் டீச்சர்.”

“பொரிச்சிருந்தா எடம் மாத்தாதீங்க பாய். அப்பா அம்மா தேடிக்கிட்டு வரலாம், வராமயும் போகலாம். அதுங்க பறக்கக் கத்துக்கற வரைக்கும் விட்டுரணும்.”

சனிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வேப்பமரத்தில் ஏணியைச் சாய்த்தார். பெட்டியைக் கொண்டுபோய் மாட்டுவதற்குப் பக்கத்து வீட்டுப் புளியமரத்தில் ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருந்தார். தோளில் கயிறு, பையில் சுத்தியல். ஏணியின் அடியைச் சுராயா பிடித்துக்கொண்டாள். வலிக்கிற காலை மடக்கிக்கொண்டு, நல்ல காலால் மட்டும் நின்றாள்.

“பாத்து ஏறுங்க. உங்களுக்கும் வயசு திரும்பிப் போகல.”

ஏறினார். ஆணியைத் தளர்த்துவதற்கு முன்னால் மூடியை ஒரு விரல் அளவு தூக்கினார். சத்தியம் அதோடு போயிற்று. உள்ளே மூலையில் மூன்று கம்பளி உருண்டைகள், கண் மட்டும் பெரிசு பெரிசாக. வெளிச்சம் பட்டதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அலகைத் தட்டி டக்டக்கென்று ஓசை எழுப்பின. தாய் பறந்து போகவில்லை. உடம்பை இரண்டு மடங்காக ஊதிக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றது.

சாதிக் பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எத்தனையோ வாசலில் எத்தனையோ விதமாகப் பேச்சைத் தொடங்கியவர், இப்போது மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லா இருக்கீங்களா?” என்றார் கடைசியில்.

தாய் தலையை மேலும் கீழும் ஆட்டிற்று. அவர் மூடியைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, கயிற்றையும் சுத்தியலையும் அப்படியே கொண்டு இறங்கி வந்தார்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் சுராயா.

“பிள்ளைங்க சின்னதா இருக்கு.”

“ம்.”

“பங்குனி தாண்டினா ஃபிளாட்டு போயிரும் சுராயா. உன் முழங்காலு…”

“என் முழங்காலைத் தூக்கி அந்தப் பெட்டி மேல வெக்காதீங்க. பாவம் என் தலையில வந்து விடியும்.” ஏணியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஃபிளாட்டின் சமையலறை ஜன்னலுக்கு அவள் திரைச்சீலை வரைக்கும் எடுத்து வைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். “நான் படி ஏறக்கூடாது, அவ்வளவுதானே? கீழ முன் ரூம்ல கட்டிலைப் போடுங்க.”

“அது என் ஆபீஸ் ரூமு.”

“எந்த ஆபீஸு? கடைசியா எப்ப பார்ட்டி வந்துச்சு? அந்த டூ லெட் போர்டையெல்லாம் எடுத்துப் பரண்ல போட்டுட்டுக் காலி பண்ணுங்க. இன்னிக்கே.”

முதல் தண்ணீர்க் கிளாஸைக்கூட வாங்கிக் குடிக்காமல் ஒரே பேச்சில் அவள் காரியத்தை முடித்துவிட்டாள்.

டூ லெட் பலகைகளை ஒவ்வொன்றாகப் பரணில் தூக்கிப் போட்டு, மேஜையை வெளியே இழுத்துப்போட்டு முடிக்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. கொல்லையில் ஆந்தைகள் வேலைக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் முன் ரூமின் வெறுந்தரையில் நின்றுகொண்டு நவநீதனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, நாளைக்கு ஆள் அனுப்பாதீங்க.”

“ஏன் பாய்? என்ன ஆச்சு?”

“அந்தக் குடித்தனத்தை என்னால காலி பண்ண வைக்க முடியல.”

அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி சலசலத்தது.

“நீங்களே இப்படிச் சொன்னா எப்படி பாய்? இன்னும் ரெண்டு நாள் டயம் எடுத்துக்கிட்டுப் பேசிப் பாருங்களேன்.”

“பேசிப் பாத்துட்டேன் தம்பி,” என்றார் சாதிக் பாய், கொல்லைக்குக் கேட்காத குரலில். “முடியல.”